நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டுவது யார்?

மின்சாரக் கார்களில் பல வணிகப் பெயர்களோடு விற்கப்படும் ஓட்டுநர் உதவி அமைப்புகள், பெயர் எதுவாக இருந்தாலும், நெடுஞ்சாலையில் செய்பவை அடிப்படையில் இரண்டே வேலைகள்தாம்: முன்னால் செல்லும் வண்டிக்கும் தனக்கும் உள்ள இடைவெளி குறையாதபடி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்வது ஒன்று, சாலையில் தீட்டப்பட்ட கோடுகளுக்கு நடுவிலிருந்து வண்டி விலகாதபடி ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருப்பது மற்றொன்று. தடம் மாறுவது, முந்திச் செல்வது, கிளைச்சாலையில் இறங்குவது போன்ற கூடுதல் திறன்களெல்லாம் இவ்விரண்டின் மேல் கட்டப்பட்டவையே. நகரத் தெருவோடு ஒப்பிட்டால் நெடுஞ்சாலை இயந்திரத்துக்கு எளிய களம். வண்டிகள் ஒரே திசையில் செல்கின்றன, வளைவுகள் மெல்லத் திரும்புகின்றன, நடந்து செல்வோர் குறுக்கே வருவது அரிது. ஆனால் இயந்திரத்தின் வேலையை எளிதாக்கும் அதே சீரான தன்மைதான், அதைக் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதரின் வேலையைக் கடினமாக்குகிறது. ஆகவே இந்த அமைப்புகளின் தரத்தை, அவை எவ்வளவு நன்றாக ஓட்டுகின்றன என்பதைவிட, தம்மால் இயலாத தருணத்தில் ஓட்டும் பொறுப்பை மனிதர் கையில் எப்படித் திருப்பித் தருகின்றன என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

இந்தப் பொறுப்புப் பங்கீட்டைக் குறிப்பதற்கு, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ 2014-இல் வெளியிட்ட படிநிலைகளே இன்று உலகெங்கும் வழங்குகின்றன. பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை செல்லும் அந்த வரிசையில், வேகம் அல்லது ஸ்டீயரிங் ஆகிய இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உதவி கிடைப்பது முதல் நிலை. இரண்டுக்கும் ஒருசேர உதவி கிடைத்தாலும், சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடமை முழுவதும் மனிதரிடமே இருப்பது இரண்டாம் நிலை. குறிப்பிட்ட சாலையிலும் சூழலிலும் சாலையைப் பார்க்கும் கடமையையே வண்டி ஏற்றுக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் மனிதரை அழைப்பது மூன்றாம் நிலை. இன்று விற்பனையாகும் மின்சாரக் கார்களில் இருப்பவை ஏறத்தாழ அனைத்தும் இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் 'இரண்டு பிளஸ்' என்னும் நிலை எஸ்ஏஇயின் அட்டவணையில் இல்லை. அது விற்பனைத் துறை சேர்த்துக்கொண்ட சொல். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வண்டியின் திறமையில் உள்ள வேறுபாடு என்பதைவிட, சாலையைப் பார்க்க வேண்டியவர் யார் என்னும் வேறுபாடு என்பதைப் படிப்பவர் மனத்தில் கொள்வது நல்லது. இக்கட்டுரையில் பின்னால் வரும் விபத்துகளெல்லாம் அந்த இடத்தில்தான் நிகழ்ந்தன.

இடைவெளியைக் காக்கும் வேலை மின்சாரக் கார்களுக்கு முந்தையது. மெர்சிடிஸ் நிறுவனம் 1999-இலேயே தன் எஸ் கிளாஸ் காரில் ரேடாரின் துணையோடு அதை அறிமுகப்படுத்தியது. அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் என்று பொதுவாக அழைக்கப்படும் அம்முறை, ஓட்டுநர் குறித்துக் கொடுத்த வேகத்திலேயே சென்று, முன்னால் மெதுவான வண்டி வந்தால் அதன் வேகத்துக்கு இறங்கி, அது விலகியதும் பழைய வேகத்துக்கு ஏறுகிறது. இன்றைய ரேடார், காரின் முன் பம்பருக்கோ நிறுவனச் சின்னத்துக்கோ பின்னால் மறைந்திருந்து, சுமார் 77 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அலைநீளத்தில், ரேடியோ அலைகளை அனுப்புகிறது. 150 மீட்டர் தொலைவில் செல்லும் லாரியில் பட்டு அந்த அலை திரும்பிவர ஒரு மைக்ரோவினாடி, அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, போதும். அவ்வளவு சிறிய நேரத்தை நேரடியாக அளப்பதற்குப் பதிலாக, அதிர்வெண்ணைச் சீராக உயர்த்திக்கொண்டே அலையை அனுப்பி, திரும்பி வந்த அலைக்கும் அக்கணத்தில் புறப்படும் அலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவே இங்கு முன்வண்டியின் ஒப்பு வேகத்தைச் சொல்கிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் வேக வேறுபாடு இருந்தால் எதிரொலியின் அதிர்வெண் சுமார் 513 ஹெர்ட்ஸ் மாறுகிறது. மழை, மூடுபனி, இருட்டு ஆகியவற்றால் இந்த அளவீடு பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதே ரேடாரின் பலம்.

இடைவெளியை மீட்டரில் குறிக்காமல் வினாடியில் குறிப்பது இவ்வமைப்புகளின் வழக்கம். ஒன்றரை வினாடி இடைவெளி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 42 மீட்டர். வேகம் குறையும்போது அந்தத் தூரமும் தானே சுருங்கும்.

இந்த இடத்தில்தான் மின்சாரக் காருக்கென்று ஒரு சிறப்பு வருகிறது. பெட்ரோல் எஞ்சினில் வேகம் கூட்டும் கட்டளை காற்றுத் திறப்பு, எரிபொருள் தெளிப்பு, கியர் மாற்றம் என்று பல படிகளைக் கடந்தே சக்கரத்தை அடைகிறது. மின்மோட்டாரிலோ கட்டளை வந்து ஆயிரத்தில் சில பங்கு வினாடிகளிலேயே சுழல் விசை மாறிவிடுகிறது. குறைப்பதும் அதே மோட்டாரால் ஆகிறது. மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தில் உள்ள ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்போது வண்டி மெல்ல வேகம் குறைகிறது. ஆகவே முன்வண்டி சற்றே மெதுவாகும்போது பிரேக் பட்டைகளைத் தொடாமலே இடைவெளியைச் சரிசெய்ய முடிகிறது. பயணிகளின் தலை முன்னும் பின்னும் அசைவதில்லை. பேட்டரி நிறைந்திருக்கும்போதோ மிகக் குளிர்ந்திருக்கும்போதோ அது மின்சாரத்தை முழுமையாக ஏற்காது என்பதால், அத்தகைய நேரங்களில் வழக்கமான பிரேக் எவ்வளவு துணை செய்ய வேண்டும் என்பதையும் மென்பொருள் இடைவிடாமல் பங்கிட வேண்டியிருக்கிறது. மிதியைத் தொடாமல் வேகம் குறையும் வண்டியின் பின்னால் வருபவருக்கும் எச்சரிக்கை வேண்டுமல்லவா? அதற்காகவே ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகள், இவ்வாறு குறையும் வேகம் வினாடிக்கு வினாடி 1.3 மீட்டருக்கு மேற்பட்டால் பின்புறச் சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்று வகுத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் கணக்கிடும் கணினி பேட்டரியைத் தின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. டெஸ்லா 2019-இல் அறிமுகப்படுத்திய கணினி வினாடிக்கு 144 லட்சம் கோடி கணக்குகளைச் செய்ய வல்லது, ஆயினும் அது எடுத்த மின்திறன் சுமார் 72 வாட் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அது ஒரு மின்விசிறி எடுக்கும் அளவுதான். பயண தூரத்தைத் தீர்மானிப்பது காற்றின் எதிர்ப்பே. 100-க்குப் பதில் 120 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றை எதிர்க்கச் செலவாகும் ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது.

தடத்தின் நடுவே வண்டியை வைத்திருக்கும் இரண்டாவது வேலைக்கு ரேடாரால் பயனில்லை, ஏனெனில் பெயின்ட் ரேடியோ அலையை எதிரொலிப்பதில்லை. உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் கேமரா வினாடிக்குப் பல படங்களை எடுக்க, பல்லாயிரம் மணி நேரச் சாலைக் காட்சிகளைக் கொண்டு பயிற்றப்பட்ட மென்பொருள் அப்படங்களில் எது கோடு, எது நிழல், எது பழைய தாரின் விளிம்பு என்று பிரித்து, இடக்கோட்டுக்கும் வலக்கோட்டுக்கும் நடுவே ஒரு கற்பனைப் பாதையை வரைகிறது. ஸ்டீயரிங் தண்டோடு இணைந்த சிறு மின்மோட்டார் வண்டியை அந்தப் பாதையில் திருப்புகிறது. அந்த மோட்டாரின் வலிமைக்கு வேண்டுமென்றே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐநா விதிகளின்படி, இயந்திரம் திருப்பும்போது அதை மீறித் திருப்ப மனிதக் கைக்கு 50 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு மேல், விசை தேவைப்படக் கூடாது. பக்கவாட்டு முடுக்கமும் வினாடிக்கு வினாடி 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 257 மீட்டர் ஆரத்தைவிடக் குறுகிய வளைவில் இந்த உதவி வண்டியைத் தடத்தில் வைத்திருக்க இயலாது. வேகம் குறைய வேண்டும், இல்லையேல் ஓட்டுநர் திருப்ப வேண்டும். மனிதர் எளிதில் மீறக்கூடிய மென்மையான கை, எதிர்பாராத வளைவில் போதாத கையாகவும் இருக்கிறது என்பதை வாங்குபவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இவ்வமைப்புகளைப் பற்றி எழும் முதல் வியப்பு, நகரும் வண்டியை 150 மீட்டருக்கு அப்பால் கண்டுகொள்ளும் கார், சாலையில் அசையாமல் நிற்கும் லாரியின் மீது எப்படி மோதுகிறது என்பதே. விடை ரேடாரின் இயல்பிலேயே இருக்கிறது. வழிகாட்டிப் பலகை, மேம்பாலம், சாலையோர இரும்புத் தடுப்பு, சாலையில் பதித்த இரும்பு மூடி என்று நிற்கும் பொருள் ஒவ்வொன்றும் ரேடாருக்கு வலுவான எதிரொலியைத் தருகிறது. பழைய ரேடார்களால் உயரத்தைச் சரியாக அளக்க முடியாததால், தலைக்கு மேலிருக்கும் மேம்பாலமும் வழியில் நிற்கும் லாரியும் அவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிந்தன. ஒவ்வொரு பாலத்துக்கும் பிரேக் போட்டால் வண்டியை ஓட்ட முடியாது என்பதால், தரையோடு ஒப்பிட்டு அசையாத எதிரொலிகளுக்கு மதிப்புக் குறைவாகத் தருவது பொறியாளர்களின் வழக்கமாயிற்று. கேமராவோ, தான் பயின்ற வடிவங்களில் ஒன்றாக அந்தப் பொருள் தெரிந்தால்தான் அதை வண்டி என்று அடையாளம் காணும். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. எதுவும் இல்லாத சாலையில் வண்டி திடீரென்று பிரேக் போடுவதாக 354 முறையீடுகள் வந்ததையடுத்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022 பிப்ரவரியில் சுமார் 4,16,000 டெஸ்லா கார்களைக் குறித்து விசாரணை தொடங்கியது. காணாததைக் காண்பதும் கண்டதைத் தள்ளிவிடுவதும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றைக் குறைக்கும் அளவுக்கு மற்றது கூடுகிறது. அந்தத் தராசைச் சமன்செய்ய, லேசர் துடிப்புகளால் முப்பரிமாண வரைபடம் எடுக்கும் லைடாரைச் சீன, ஜெர்மானிய நிறுவனங்கள் சில சேர்த்துக்கொண்டன. டெஸ்லாவோ 2021 மே மாதத்திலிருந்து வட அமெரிக்காவில் விற்ற மாடல் 3, மாடல் ஒய் கார்களில் ரேடாரையும் நீக்கிவிட்டுக் கேமராக்களை மட்டும் நம்பியது. ஒரு கருவி தவறும் இடத்தில் வேறு இயற்பியலில் இயங்கும் மற்றொரு கருவி சாட்சி சொல்ல இருப்பது பாதுகாப்பு என்பதால், அந்த நீக்கத்தை முன்னேற்றம் என்று ஏற்பது கடினம்.

நிற்கும் பொருள், விலகும் முன்வண்டி, கவனம் சிதறிய மனிதர் ஆகிய மூன்றும் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணைகள் வினாடிக் கணக்கில் பதிவு செய்திருக்கின்றன. 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டி அருகே, ஆட்டோபைலட் என்னும் ஓட்டுநர் உதவி அமைப்பு இயக்கத்தில் இருந்த டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்று நெரிசலில் முன்வண்டியைப் பின்தொடர்ந்து சென்றுகொண்டிருந்தது. முன்வண்டி தடம் மாறி விலகியதும், முன்னால் இடம் கிடைத்துவிட்டதாகக் கொண்டு கார் 34 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறி, அங்கே நின்றிருந்த தீயணைப்பு வண்டியின் பின்புறத்தில் மோதியது. எவருக்கும் காயமில்லை. இரண்டே மாதத்தில், மார்ச் 23 அன்று, அதே மாநிலத்தின் மவுண்டன் வியூவில் நேர்ந்தது அவ்வாறு முடியவில்லை. நெடுஞ்சாலை 101-இலிருந்து இடப்புறமாக ஒரு மேம்பாலச் சாலை பிரியும் இடத்தில், இரண்டு சாலைகளுக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஒரு வெற்று நிலம் விரிகிறது. அதன் இருபுறக் கோடுகள், தேய்ந்த தடக்கோடுகளுக்கிடையே, தாமே ஒரு தடம் போலத் தோன்றக்கூடியவை. டெஸ்லா மாடல் எக்ஸ் கார் அந்த வெற்றிடத்துக்குள் திரும்பியது. அதுவரை முன்வண்டிக்கு ஏற்பச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற கார், இப்போது முன்னால் வண்டி ஏதும் இல்லாததால், ஓட்டுநர் குறித்துக் கொடுத்திருந்த சுமார் 120 கிலோமீட்டரை நோக்கி வேகமெடுத்தது. கடைசி ஆறு வினாடிகளில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாகப் பதிவில்லை. பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் கார் தடுப்பில் மோதி, ஓட்டுநர் இறந்தார். அவருடைய கைபேசியில் விளையாட்டுச் செயலி ஒன்று இயங்கிக்கொண்டிருந்ததை வாரியம் கண்டறிந்தது. இன்னொன்றையும் அது கண்டறிந்தது: மோதும் வண்டியின் வேகத்தை உள்வாங்கி நசுங்குவதற்காக அத்தடுப்பின் முன் வைக்கப்பட்டிருந்த உலோக அமைப்பு, 11 நாள்களுக்கு முன் நேர்ந்த வேறொரு விபத்தில் நசுங்கியது நசுங்கியபடியே, மாற்றப்படாமல் கிடந்தது.

ஓர் உதவி அமைப்பு எந்தச் சாலையில், எந்த நிலைமையில் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதோ, அந்த வரையறையை அதன் இயங்கு எல்லை எனலாம். 2016 மே 7 அன்று புளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே, குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரியின் அடியில் மாடல் எஸ் கார் ஒன்று புகுந்து ஓட்டுநர் இறந்தபோது, இந்த எல்லையே விசாரணையின் மையமாயிற்று. அச்சாலை நடுத்தடுப்பால் பிரிக்கப்பட்டதாயினும், குறுக்குச் சாலைகள் வந்து சேரும் சாலை. ஆட்டோபைலட்டோ குறுக்குப் போக்குவரத்தைக் கண்டறிவதற்காக அமைந்ததன்று. ஆயினும் அச்சாலையில் அதை இயக்க முடிந்தது. 41 நிமிடப் பயணத்தில் 37 நிமிடங்கள் அது இயக்கத்தில் இருந்தது. அந்த 37 நிமிடங்களில் ஸ்டீயரிங்கில் கை உணரப்பட்டது மொத்தம் 25 வினாடிகள். வகுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே அமைப்பு இயங்காதபடி தடுக்க வேண்டும் என்று வாரியம் 2017-இல் பரிந்துரைத்தது. 2019 மார்ச் 1 அன்று அதே மாநிலத்தின் டெல்ரே பீச்சில், அதே போன்ற சாலையில், அதே போலக் குறுக்கே வந்த லாரியின் அடியில், மாடல் 3 கார் ஒன்று புகுந்து இன்னொருவர் இறந்தார்.

ஓட்டுநர் ஏன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று கேட்டு அவர்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் இத்தகைய காவல் வேலையை மனித மூளை எவ்வளவு மோசமாகச் செய்கிறது என்பது முக்கால் நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஏன் அறிகுறிகளைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், சீராக நகரும் கடிகார முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவுவதைக் கவனித்துச் சொல்லும் சோதனையை வைத்தார். அரை மணி நேரத்துக்குள்ளாகவே தவறுகள் தெளிவாகக் கூடிவிட்டன என்பதை 1948-இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய கட்டுரை இன்னொரு படி சென்றது: எளிய வேலைகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரம் தடுமாறும் மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதருக்கு மிச்சம் வைப்பதும், அன்றாடப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டு அந்தத் தருணத்தில் அவரிடம் பழகிய திறமையை எதிர்பார்ப்பதும் முரண் என்று அவர் காட்டினார். ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தக் கருத்து நெடுஞ்சாலைக் காருக்கு அப்படியே பொருந்துகிறது. நூறு முறை சரியாக ஓட்டிக் காட்டும் அமைப்பு, நூற்றியோராவது முறைக்குத் தன் ஓட்டுநரை ஆயத்தமற்றவராக ஆக்கியிருக்கிறது. எனவே அமைப்பு மேம்பட மேம்பட அதைக் கண்காணிப்பது கடினமாகிறது.

ஆகவே ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்பதை வண்டியே கவனிக்க வேண்டியதாயிற்று. ஸ்டீயரிங்கில் கையின் எடை உணரப்படுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. கை அங்கே இருந்தாலும் கண் கைபேசியில் இருக்கலாம் என்பதே அதன் குறை. ஸ்டீயரிங்குக்கு அருகே வைத்த அகச்சிவப்புக் கேமராவால், இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி வழியாகவும், விழி எங்கே நோக்குகிறது என்று பார்ப்பது இன்னும் நல்ல முறை. ஐரோப்பியக் கார் மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப் 2020-இல் ஓட்டுநர் உதவி அமைப்புகளுக்கெனத் தனி மதிப்பெண் வைத்தபோது, டெஸ்லா மாடல் 3 ஓட்டும் உதவியில் 87, ஆபத்துக்காலப் பாதுகாப்பில் 95 என்று உயர்ந்த மதிப்பெண்களைப் பெற்றும், ஓட்டுநரை ஈடுபாட்டோடு வைத்திருப்பதில் 36 மட்டுமே பெற்று, மொத்தத்தில் 'நடுத்தரம்' என்னும் தரத்தோடு நின்றது. திறமையான உதவிக்கு முழு மதிப்பெண் தராமல், ஓட்டுநரின் விழிப்பைக் கொண்டு அதைக் கட்டுப்படுத்திய அந்த மதிப்பீட்டு முறை, இத்துறையில் செய்யப்பட்ட மிக அறிவார்ந்த செயல்களில் ஒன்று. அமெரிக்காவில், 2023 டிசம்பரில், ஓட்டுநரை விழிப்போடு வைத்திருக்கும் எச்சரிக்கைகள் போதவில்லை என்ற காரணத்தால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திருத்தத்துக்கு உட்படுத்தப்பட்டன. பட்டறைக்குப் போகாமல், இணையம் வழியே வந்த மென்பொருளாலேயே அத்திருத்தம் நடந்தது. அது போதுமானதா என்று அடுத்த ஏப்ரலிலேயே அரசு மீண்டும் விசாரணை தொடங்கியது. விழியைப் பார்க்கும் கேமரா இருந்தும் பயனற்றுப் போவதுண்டு. 2024 பிப்ரவரியில் டெக்சஸின் சான் ஆன்டோனியோவில், புளூகுரூஸ் என்னும் கைவிடுத்து ஓட்டும் அமைப்பு இயங்கிய ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ மின்சாரக் கார், இரவில் நடுத்தடத்தில் நின்றிருந்த காரின் மீது மோதி, அதிலிருந்தவர் இறந்தார்.

ஒப்படைக்கும் தருணத்துக்குப் போதிய நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெர்சிடிஸின் டிரைவ் பைலட் ஒரு விடை. மூன்றாம் நிலைக்கு இடமளிக்க ஜெர்மனி தன் சாலைச் சட்டத்தை 2017-இலேயே திருத்தியிருந்தது. அதற்கான ஐநாவின் 157-ஆம் விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசின் ஒப்புதலைப் பெற்ற அந்த மூன்றாம் நிலை அமைப்பு, 2022 மே மாதம் எஸ் கிளாஸிலும் ஈக்யூஎஸ் என்னும் மின்சாரக் காரிலும் விற்பனைக்கு வந்தது. 13,191 கிலோமீட்டர் நீள ஆட்டோபான் வலையமைப்பில், நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம் என்பது அப்போதைய வரம்பு. திரையில் படமும் பார்க்க முடிந்தது, ஆனால் தூங்கக் கூடாது. அந்த ஒரு சலுகைக்காக வண்டியில் ஏற்றப்பட்டவற்றைப் பார்த்தால் பொறுப்பின் விலை விளங்கும்: கேமரா, ரேடாரோடு லைடார், ஆம்புலன்ஸின் ஒலியைக் கேட்க ஒலிவாங்கிகள், சாலை நனைந்திருக்கிறதா என்று சொல்லச் சக்கர வளைவுக்குள் ஈர உணரி, செ.மீ. அளவில் துல்லியமான வரைபடம். ஒன்று பழுதானால் மற்றொன்று இயங்க இரட்டை ஸ்டீயரிங், இரட்டை பிரேக் ஏற்பாடு. இவ்வளவுக்குப் பிறகும், நிலைமை எல்லையைத் தாண்டும்போது அது ஓட்டுநரை அழைத்து 10 வினாடி அவகாசம் தந்தது. அவர் ஏற்காவிட்டால் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தியது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 வினாடி என்பது 167 மீட்டர்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் 2025 மார்ச் 29 இரவு நடந்த விபத்து. வரைபடத்தைப் பின்பற்றித் தானே தடம் மாறிச் செல்லும் நெடுஞ்சாலை உதவியில், ஷியாவ்மி நிறுவனத்தின் எஸ்யூ7 மின்சாரக் கார் 116 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தது. சாலைப் பணிக்காகத் தடம் அடைக்கப்பட்டு, போக்குவரத்து எதிர்த்தடத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்த இடத்தில் அது தடையை அறிந்து எச்சரித்து வேகத்தைக் குறைக்கத் தொடங்க, ஓட்டியவரும் உடனே ஸ்டீயரிங்கைப் பற்றி பிரேக்கை மிதித்தார். ஆயினும் நிறுவனம் வெளியிட்ட பதிவின்படி, எச்சரிக்கைக்கும் காங்கிரீட் தடுப்பில் மோதியதற்கும் இடையே இருந்தவை இரண்டு முதல் நான்கு வினாடிகளே. மோதியபோது வேகம் சுமார் 97 கிலோமீட்டர். கல்லூரி மாணவிகள் மூவர் இறந்தனர். 116 கிலோமீட்டரில் வினாடிக்கு 32 மீட்டர் கடந்துவிடும். எச்சரிக்கை ஒலியை உணர்ந்து, எதற்காக என்று தலைநிமிர்ந்து, எந்தப் பக்கம் இடமிருக்கிறது என்று முடிவு செய்து, கையும் காலும் இயங்குவதற்கு அது போதாது. அடுத்த சில வாரங்களிலேயே சீனத் தொழில் அமைச்சகம் கார் நிறுவனங்களை அழைத்து, 'தானியங்கி ஓட்டம்' போன்ற சொற்களை விளம்பரங்களில் விலக்கி, 'ஒருங்கிணைந்த ஓட்டுநர் உதவி' என்றே குறிப்பிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. சொல்லைத் திருத்துவது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் அதுவும் உயிர் காக்கும் பொறியியல்தான், ஏனெனில் வண்டியை நம்பும் அளவை ஓட்டுநர் முதலில் கற்பது அதன் பெயரிலிருந்தே.

தமிழகத்துக்கும் இவ்வமைப்புகள் வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உருவாகி 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் பிஇ 6 ஆகியவை இரண்டாம் நிலை உதவியோடு விற்கப்படுகின்றன. நான்குவழிச் சாலையில் ஓரத்தடத்தில் எதிரே வரும் இருசக்கர வண்டி, விளக்கில்லாமல் பழுதாகி நிற்கும் லாரி, நடுத்தடுப்பின் இடைவெளியில் திரும்பும் டிராக்டர் என்று, வில்லிஸ்டனிலும் கல்வர் சிட்டியிலும் விபத்துக்குக் காரணமானவை இங்கே அன்றாடக் காட்சிகள். அவற்றைவிட ஓசையின்றி நிகழ்வது ஒன்று உண்டு. புதுத் தார் போட்டுக் கோடு தீட்டாமல் விட்ட பகுதியில் நுழையும்போது, பல கார்களில், கருவித் திரையில் பச்சையாக ஒளிரும் ஸ்டீயரிங் குறி வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாறுகிறது. கோடு தெரியவில்லை, இனித் திருப்புவது உங்கள் வேலை என்று அதற்குப் பொருள். குரூஸ் கண்ட்ரோல் மட்டும் நிற்பதில்லை. வண்டி அதே 100 கிலோமீட்டரில் சென்றுகொண்டிருக்கிறது. தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர், காரின் அகலம் சுமார் 1.8 மீட்டர், நடுவில் செல்லும் கார் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தாலும் பக்கத்துத் தடத்தின் எல்லையைத் தொட இரண்டு வினாடிகூட ஆவதில்லை.